இறால் ஷெட்டின் அலைவரிசை

நான் பார்த்த வேலைகளிலேயே உடம்பு நோகாத வேலை இறால் ஷெட்டில் பார்த்ததுதான். அதற்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ரப்பர் தோட்டம், அன்னவாசல் பக்கம் கல்குவாரி என்று சுற்றியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு வேறு எது கிடைக்கும்? குவாரியில் லாரிகள் போய்வருவதைத் தானாகக் குறித்துக்கொள்ளும் மிஷின் மாட்ட ஆட்கள் வந்தார்கள். வெயிலில் கம்பம் ஏற அவர்களுக்கு ஆள் இல்லை. நான் ஏறினேன். குவாரித் தூசியில் இருமல் நிற்காமல் இருந்த சமயம் அது. அவர்கள் கிளம்பும்போது அவர்களோடு வேனில் ஏறிவிட்டேன்.

அந்த மிஷினுக்கு ரீடர் என்று பெயர். செங்கல் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் போய், சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வெள்ளைப் பலகையில் சேரும். அந்தப் பலகை அலை வீசும். எதிரே டேக் வந்தால், அதாவது உள்ளே மெல்லிய உலோகக் கோடு ஓடும் ஸ்டிக்கர், அது அந்த அலையைக் கொண்டே தன் நம்பரைத் திருப்பிச் சொல்லும். எனக்குத் தெரிந்த அறிவியல் அவ்வளவுதான்.

ரீடரை லேப்டாப்பில் இணைத்ததும் வரும் முதல் கேள்வி, எந்த நாடு என்பது. இந்த வகை மிஷின் எந்த அலைவரிசையில் பேசலாம் என்று ஒவ்வொரு நாடும் ஒதுக்கி வைத்திருக்கிறது. நம் நாட்டுக்கு எண்ணூற்று அறுபத்தைந்து மெகாஹெர்ட்ஸில் ஆரம்பம். அமெரிக்காவுக்குத் தொள்ளாயிரத்து இரண்டில். சீனாவுக்கு வேறு. நாம் எந்த நாட்டைச் சொன்னாலும் மிஷின் நம்பிக்கொள்ளும். மீமிசல் கடற்கரையில் நின்றுகொண்டு அமெரிக்கா என்று சொன்னாலும் நம்பும்.

ஷெட் மீமிசலுக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மேட்டில் இருந்தது. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் பெண்கள் வந்து இறால் உரித்தார்கள். ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து எல்லோருடைய விரல்களும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகத் தட்டுகள். தட்டின் விளிம்பில் அவள் பெயருக்கான டேக். உரித்த தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவாசலைக் கடந்தால் ரீடர் அதைப் படித்து, மேலே பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அந்தத் தட்டு அவள் கணக்கில். எரியாவிட்டால் உரித்தது உரித்ததுதான், கணக்கில் இல்லை.

மிஷினை எனக்கு முன்னால் வந்த யாரோ மாட்டிவிட்டுப் போயிருந்தார். அது அடிக்கடி நின்றுபோகிறது என்று என்னை அனுப்பினார்கள். ஷெட்டின் சாமான் அறையில் படுக்கை, சாப்பாடு தெருமுனை மெஸ்ஸில். பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. துடைத்து, ரப்பர் வைத்து மூடினேன். எங்கள் கம்பெனி கொடுத்த தாளில், கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை என்று சில வரிகள் இருந்தன. அதில் ஒன்று நாடு. திரையில் பார்த்தால் அமெரிக்கா என்று இருந்தது. இந்தியா என்று மாற்றினேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பி மதியத்துக்குள் திரும்புவார்கள். திரும்பும்போது கடலில் எந்த இடத்தில் டவர் கிடைக்கிறதோ அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். வீட்டில் இருப்பவர் அதை எடுக்கக் கூடாது. ஒன்று வந்தால், வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். நின்ற உடனே மறுபடி அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மிஸ்டு கால் வராவிட்டால், கரையில் இருக்கிற போட்டு எதுவானாலும் தேடிப் போகும். டீசல் செலவு எல்லோருக்கும் பொது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மிஸ்டு கால் சில மாதங்களாகவே ஒழுங்காக வருவதில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் போன் நன்றாகத்தான் இருந்தது. வீடியோகூடப் பார்த்தார்கள். கடலிலிருந்துதான் வருவதில்லை. தேடிப் போன போட்டுகள் எதிரே சிரித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

ஷெட்டில் வேகமாக உரிப்பவர் ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட வயதில் மூத்தவர். அங்கே எல்லோரும் அவரை லாத்தா என்று கூப்பிட்டார்கள், அக்கா என்பதற்கு அவர்கள் சொல். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் வீட்டுக்காரர் ஒரு பைபர் போட்டு வைத்திருந்தார். லாத்தாவின் தம்பியும் அவரும் சேர்ந்து கடலுக்குப் போவார்கள். வீட்டுக்காரர் ஒல்லியான மனிதர், வாய் ஓயாது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

“மிஷின்காரரே, இறாலு தட்டுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுறீங்க. எனக்கும் நெத்தியில ஒண்ணு ஒட்டுங்க. நான் எங்கிட்டு கெடக்கேன்னு ஒங்க லாத்தா ஷெட்டுலேர்ந்தே பாத்துக்கிடும்.”

“ஒட்டுனா டீக்கடையிலதான் பச்சை வெளக்கு எரியும் பாய்,” என்றார் கடைக்காரர்.

நான் நாட்டை மாற்றிய மறுநாளிலிருந்து இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, மிஸ்டு கால்கள் வர ஆரம்பித்தன. போன் கம்பெனிக்கு ஊர் சார்பில் ஏற்கெனவே மனு போயிருந்தது. மனுதான் வேலை செய்கிறது என்று கரையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்று, நடுவாசலில் விளக்கு எரியாமல் போனது. அந்த டேக்குகள் மலிவுச் சரக்கு, தொள்ளாயிரத்துக்கு மேலே பேசுவதற்கென்று செய்தவை. தட்டோ ஈரம். கீழ் அலைவரிசையில் பாதித் தட்டுகள் ஊமையாகிவிட்டன. பெண்கள் திரும்பி வந்து மறுபடி கடந்தார்கள், தட்டைச் சாய்த்துப் பிடித்தார்கள், தலைக்கு மேல் தூக்கினார்கள். வரிசை பின்னால் தேங்கியது.

“தம்பி, இந்த மிஷினுக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சா?” என்றார் லாத்தா. “நான் என்ன காத்தையா உரிச்சுக் கொண்டாறேன்?”

“நீங்க வேகமா வாரீங்கல்ல, அது பயந்து கண்ண மூடிக்கிடுது லாத்தா,” என்றாள் பின்னால் நின்றவள்.

“பொம்பளை வேகமா நடந்தா மிஷினுக்குக்கூடப் பொறுக்காது போல.”

சிரித்தார்கள். ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகம் உரித்தவருக்குத்தான் அதிகம் விட்டுப்போயிருந்தது. லாத்தா மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். நான் உள்ளே லேப்டாப்போடு இருந்தேன்.

“சார், இவரு வர்றதுக்கு முந்தி மிஷின் ஓடுனா எல்லாத் தட்டுக்கும் எரிஞ்சுச்சு. எரிஞ்சுச்சா இல்லையா?”

“எரிஞ்சுச்சு,” என்றார் மேனேஜர்.

“அப்ப எப்புடி வச்சிருந்தீங்களோ அப்புடியே வச்சுருங்க. நாங்க வேற எதுவும் கேக்கலை.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “என்னய்யா மாத்துன?”

சொன்னேன். நம் நாட்டுக்கு இதுதான் வைக்க வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது என்றேன்.

“தாளு வந்து இறாலு உரிக்குமா? பழையபடி வை.”

எங்கள் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். புது டேக் வாங்கச் சொல்லுங்கள், அதுவரை அவர் சொல்கிறபடி செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அமெரிக்கா என்று வைத்தேன். விளக்குகள் எரிந்தன. வாசலைக் கடக்கும்போது லாத்தா என்னைப் பார்த்து, “ஒங்க கைக்கு அல்லா பரக்கத்தக் குடுக்கட்டும்,” என்று வாழ்த்தினார். மேனேஜர் என்னை அந்தச் சீசன் முடியும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். சாமான் அறை குளிர்ச்சியாக இருந்தது. இருந்தேன்.

மிஸ்டு கால்கள் மறுபடி நின்றன. “மனு குடுத்தா ஒரு வாரம் கண்ணுல காட்டுவான், அப்புறம் புடுங்கிருவான்,” என்று டீக்கடைக்காரர் சொன்னார். பாங்கு சொன்னதும் போட்டு கிளம்புவதும், வெறுங்கையோடு திரும்புவதும் பழையபடி நடந்தது. ஒருநாள் லாத்தாவின் வீட்டுக்காரரையே தேடிப் போனார்கள். அவர் நடுக்கடலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கரைக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“சோத்துல கைய வச்சிருக்கேன், போலீஸ் மாதிரி சுத்தி வளைச்சுட்டானுங்க. ‘பாய், நீங்க உசுரோட இருக்கீங்களா’ங்குறான். ஒரு மீன் துண்டக் குடுத்து அனுப்பிச்சேன்.”

டீசல் சும்மா போய்க்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து பேசினார்கள். மிஸ்டு கால் வராததற்காக இனிமேல் பகலில் போட்டு அனுப்ப வேண்டாம், பொழுது சாயும் வரை பார்க்கலாம் என்று முடிவானது. யாருக்கும் கால் வராத ஊரில் கால் வரவில்லை என்பதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லாத்தாவின் வீட்டுக்காரர்தான் முதல் ஆளாகச் சரி என்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கச்சான் காற்று அடிக்கிற பருவம். அது கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளும் மேல்காற்று. அன்று ஷெட்டில் சரக்கு அதிகம். தூத்துக்குடிப் பக்கமிருந்தும் ஒரு லாரி வந்திருந்தது. நடுவாசலில் விளக்கு அணையவே இல்லை. லாத்தா பகல் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் பார்த்தேன், இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி செருகினார். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“மச்சான் வந்துட்டாகளா?”

“எங்க வருது கால்? வந்திருப்பாக. வந்து கடையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பாக.”

பொழுது சாயும் நேரத்தில் ஷெட் முடிந்தது. கரையில் லாத்தா வீட்டுப் போட்டு இல்லை. மூன்று போட்டுகள் கிளம்பின. அவர்கள் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் போட்டில்தான் இருந்தார்கள். ஒருவருக்கு உயிர் இல்லை.

மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு, பள்ளிவாசல் சுவர் ஓரம் லாத்தாவின் தம்பி உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னான். சொன்னதையே திரும்பச் சொன்னான். திரும்பி வருகிற வழியில் இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. மச்சான் கத்தியோடு தண்ணீரில் இறங்கி அறுத்தார். அலை தூக்கி அடித்ததில் விசிறியின் இலை தொடையில் பாய்ந்துவிட்டது. போட்டுக்குள் தூக்கிப் போட்டு கைலியைக் கிழித்துக் கட்டினான். ரத்தம் நிற்கவில்லை. விசிறி வளைந்து இன்ஜினும் ஓடவில்லை.

“போன எடுத்தேன். டவரு இருந்துச்சுங்க. கோடு கோடா முழுசா இருந்துச்சு. நம்பரப் போட்டா போகலை. லாத்தாவுக்குப் போட்டேன், டீக்கடைக்குப் போட்டேன், பள்ளிவாசல் அசரத்துக்குப் போட்டேன். போகலை. மச்சான் படுத்துக்கிட்டே, ‘டவரு இல்லாட்டி விடுறா, சார்ஜு போயிரும்’ங்குறாக. நான் டவரு இருக்கு மச்சான், டவரு இருக்கு மச்சான்ங்குறேன். கரை தெரியுதுங்க. நம்ம டவரு கம்பம் தெரியுது. கச்சான் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு, துடுப்பு போட்டுப் போட்டு நின்ன எடத்துலயே நிக்கிறேன்.”

“யாரும் வரலையா?” என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் கரையில் இருந்தவர்கள்தான்.

“பாங்குக்கு வருவாங்கன்னு மச்சான் பாத்துக்கிட்டே இருந்தாக. அப்புறம் அவுகளே சொன்னாக, ‘இப்ப வரமாட்டாங்கடா, சாயங்காலந்தான்’னு.”

டவர் இருந்தும் ஏன் போகவில்லை என்று கேட்டு ஊரே போன் கம்பெனி ஆபீஸில் போய் உட்கார்ந்தது. இந்த முறை ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையில் மீன் முள் மாதிரி ஒரு ஆன்டெனா. அதை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். டவர் கம்பத்திலிருந்து நடந்து ஷெட் வாசலில் வந்து நின்றார். என்னிடம்தான் கேட்டார், உள்ளே என்ன ஓடுகிறது என்று. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அமெரிக்கா என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

“போன் பேசுறப்ப ரெண்டு வழி இருக்குங்க. டவர் பேசுறது ஒரு வழி, நம்ம போன் பேசுறது ஒரு வழி. ஒங்க மிஷின் ரெண்டாவது வழியில நின்னு கத்துது. டவர் பேசுறது கடல்ல கேட்டுருக்கும், அதான் கோடெல்லாம் காட்டிருக்கு. அங்கேர்ந்து இவங்க பேசுறது டவருக்குக் கேக்காது. டவருக்குப் பக்கத்துல இருக்கவன் போன் சத்தமா பேசும், தப்பிச்சுக்கும். தூரத்துல இருக்கவன் செத்தான்.”

சொல்லிவிட்டு, யார் நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். அவருக்கு நடந்தது முழுதாகத் தெரியாது.

அப்போதே இந்தியா என்று மாற்றினேன். வெளியே நின்ற கூட்டம் ஷெட்டை உடைக்கும் என்று மேனேஜர் பயந்தார். யாரும் உடைக்கவில்லை. உள்ளே உரித்துக்கொண்டிருந்தது அந்தக் கூட்டத்தின் வீட்டுப் பெண்கள்தான். மறுநாள் மிஸ்டு கால்கள் வந்தன. ஷெட்டுக்குள் ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் போன் அதிர்ந்தது.

சில நாள் கழித்து லாத்தாவின் தம்பி வந்தான்.

“லாத்தா ஒங்கள வரச் சொல்லுச்சு.”

அவர் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் குறிப்பிட்ட காலம் வீட்டை விட்டு வரக் கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. நான் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளறை வாசலில் பச்சைப் பூப்போட்ட திரை. தம்பி தரையில் உட்கார்ந்தான். வெயில் முற்றத்தில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“தம்பி, வந்துட்டீங்களா?” திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

“வந்துட்டேன் லாத்தா.”

“டவர்காரங்க சொன்னது நெசந்தானா?”

“நெசந்தான்.”

“நீங்க வந்த புதுசுல மாத்துனீங்க. அந்த வாரம் அவுக கால் வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” அப்புறம் கேட்டார். “நான் மேனேஜர்ட்டப் போயி நிக்காம இருந்திருந்தா, அன்னைக்கு இவன் அடிச்ச போனு எனக்கு வந்திருக்குமா?”

“லாத்தா, எதுக்கு இதெல்லாம் கேட்டுக்கிட்டு,” என்றான் தம்பி. “அவுக ஆயுசு அம்புட்டுத்தான்.”

“ஒன்னையக் கேக்கலை.”

சொல்வதற்கு எனக்கு எத்தனையோ இருந்தன. அவர் கேட்காவிட்டால் வேறொருத்தி கேட்டிருப்பாள். யாருமே கேட்காவிட்டாலும் மேனேஜர் மாற்றச் சொல்லியிருப்பார். விரலால் அழுத்தியது நான். எல்லாம் உண்மை. அவர் கேட்டது அது எதுவும் இல்லை.

“வந்திருக்கும் லாத்தா,” என்றேன்.

தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். திரை அசையவில்லை. அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“நீங்க ஒருத்தராவது சொன்னீங்க. இங்க வர்றவங்க எல்லாம் விதி விதிங்குறாங்க.” பிறகு, “இப்பத் தட்டெல்லாம் எரியுதா?”

“பாதிதான் எரியுது. புது டேக் வாங்கணும். மேனேஜர் பாக்கலாங்குறார்.”

“பொம்பளைக சத்தம் போடுவாளுகளே.”

“இப்பப் போடலை. இன்னும் ரெண்டு வாரம் போனா போடுவாங்க.”

“போடட்டும். யாரு வந்து நின்னாலும் மாத்தாதீங்க.”

சரி என்றேன். தம்பி என்னோடு தெரு வரைக்கும் வந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் கேட்டது வேறு.

“நீங்க மாத்தமாட்டீங்க. நீங்க போனப்புறம் மேனேஜர் வேற ஆள வச்சு மாத்துனா?”

“மாத்தலாம். ரெண்டு நிமிசம்கூட ஆகாது.”

“பூட்டு ஏதாச்சும் போட முடியாதா அதுக்கு?”

“போடலாம். தெரிஞ்சவன் வந்தா எடுத்துருவான்.”

அவன் தலையை ஆட்டினான். விசிறியை நிமிர்த்தியாயிற்று, திங்கட்கிழமையிலிருந்து அதே போட்டில் கடலுக்குப் போகிறேன் என்றான். கூட யார் என்று கேட்டேன். லாத்தாவின் மகன் பரீட்சை முடிந்து சும்மாதான் இருக்கிறான், அவன் வருகிறான் என்றான்.